டோமினோ குறியீடு சிலருக்கு மட்டும் ஏன் வெறும் கட்டமாகத் தெரிகிறது?

டோமினோ என்பது இரு பாதிகளிலும் புள்ளிகள் கொண்ட காய்களை வைத்து ஆடும் ஆட்டம். அந்தக் காய்களைக் காட்டும் குறியீடுகள் படங்கள் அல்ல, எழுத்துகள். 'அ' போலவே ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரநிலை) தனி எண் உண்டு. 2008-இல் வந்த 5.1 பதிப்பில் மொத்தம் 100 சேர்ந்தன: படுக்கைவாட்டில் 50, நெட்டுவாட்டில் 50.

ஆட்டத்தில் 28 காய்தானே, இங்கே ஏன் இத்தனை? கையில் இருக்கும் 2-5 காயைத் திருப்பி வைத்தால் 5-2 ஆகிவிடும். எழுத்தை அப்படித் திருப்ப முடியாது. அதனால் இரண்டையும் தனித்தனியாகத் தந்திருக்கிறார்கள். இப்படி 49 முகங்கள், அப்புறம் காயின் பின்பக்கம் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, கட்டம் எங்கிருந்து வருகிறது? யூனிகோடு எண்ணை மட்டும்தான் தருகிறது. உருவத்தை வரைவது எழுத்துரு. புத்தகத்தின் பொருளடக்கத்தில் பக்க எண் இருந்தும் அந்தப் பக்கம் கிழிந்துபோயிருப்பது போலத்தான். உங்கள் கணினியின் எழுத்துருவில் அந்தப் பக்கம் இருக்கும், படிப்பவரின் போனில் இருக்காது; அங்கேதான் கட்டம் தெரிகிறது.

ஆகவே லோகோ, சுவரொட்டி போன்றவற்றில் குறியீட்டைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக, மாற்றிவிடுங்கள். இணையப் பக்கம் என்றால் அந்த எழுத்துருவையும் சேர்த்தே அனுப்புங்கள். அளவையும் பெரிதாக்குங்கள்: 6-6 காயில் 12 புள்ளிகள், சாதாரண எழுத்தளவில் அவை ஒன்றோடொன்று ஒட்டி மங்கிவிடும்.

இவற்றை இமோஜி என்று பலர் நினைக்கிறார்கள்; இமோஜி அல்ல, எழுத்துக்கு நீங்கள் கொடுக்கும் நிறத்திலேயே இவையும் தெரியும்.