மூங்கில் தூண்டில் கோலில், நரம்பு ஓடுகிற வளையத்தைக் கட்டிய நூலுக்கு மேல் எபாக்ஸி பூசலாமா, வார்னிஷ் பூசலாமா?

எண்ணூர் முகத்துவாரத்திலோ காசிமேட்டுப் பக்கமோ உப்புத்தண்ணியில் புழங்கப்போகிற கோல் என்றால் என் பதில் ஸ்பார் வார்னிஷ்தான். படகு மரத்துக்குப் பூசுவார்களே, அதுதான்.

எபாக்ஸி, அதாவது இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகுகிற பிசின், மட்டமில்லை. இரண்டே பூச்சில் கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடும், கார்பன் கோல்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் மூங்கில் கோல் அடியிலிருந்து நுனிவரை வளைந்து வேலை செய்கிற பொருள். வளையத்தின் கால் (கோலோடு சேர்த்து நூல் சுற்றுகிற பாகம்) முடிகிற இடத்தில்தான் அந்த வளைவின் அழுத்தம் வந்து விழும். தடித்த எபாக்ஸியில் அங்கே மயிரிழைக் கீறல் விட்டால் உப்புத்தண்ணி உள்ளே இறங்கும். கால் துருப்பிடிக்கும், நூலில் கறை ஏறும். வளையத்தை மாற்றலாம் என்றால் சூடுகாட்டிப் பிளேடால் சீவ வேண்டும். மூங்கிலின் பலமான நாரெல்லாம் தோலை ஒட்டித்தான் இருக்கிறது, பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கோலே பலவீனமாகிவிடும். வார்னிஷில் கீறல் விட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் பூச்சில் டர்பன்டைன் கலந்து நீர்க்க விடுங்கள், நூலுக்குள் இறங்கட்டும். அப்புறம் நாலைந்து மெல்லிய பூச்சு, நடுவில் குறைந்தது 24 மணி நேரம். நூல் முழுக்க மூடியபிறகு மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்; முன்னாடியே தேய்த்தால் நூல் பிசிறும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடும், மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டு நூல் என்றால் ஒன்று கவனிக்கணும். வார்னிஷைக் குடித்ததும் வெள்ளைப் பட்டு ஏறக்குறைய மறைந்து மூங்கில் தெரியும், சிவப்பு கருத்துப்போகும். எனக்கு அந்த அழகு பிடிக்கும். நிறம் அப்படியே நிற்க வேண்டுமானால் முதலில் கலர் பிரிசர்வர் பூசணும். எதுவானாலும் துண்டு மூங்கிலில் கட்டிப் பார்த்துவிடுங்கள்.

தச்சர்கள் அடிக்கிற அரக்கு பாலிஷை மேல்பூச்சாக விடாதீர்கள், தண்ணி பட்டால் வெளுத்துவிடும்.

எபாக்ஸிதான் வேண்டும் என்றால் கோலுக்கென்றே விற்கிற, மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். அஞ்சு நிமிஷ எபாக்ஸி வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும். இறுகும்வரை கோலைச் சுழற்றிக்கொண்டே இருக்கணும், இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம் தொங்கிவிடும். மழைநாளில் கலக்காதீர்கள், ஈரக்காற்றில் மேலே பிசுபிசுப்பாகப் படலம் கட்டும்.