பனியில நின்னு பாடுற மாதிரி ரிவெர்ப்

அண்ணா வணக்கம்,

கொடைக்கானல் பக்கத்துல வட்டக்கானல்ல இருந்து எழுதுறேன். உங்க மிக்ஸிங் பதிவெல்லாம் விடாம படிப்பேன். ஃப்ரெண்டு பாட, நான் கிட்டார் வாசிச்சு, வீட்டு ரூம்லயே ரெக்கார்ட் பண்ணி ரீப்பர் சாஃப்ட்வேர்ல மிக்ஸ் பண்ணிட்டிருக்கேன். ஸ்லோ பாட்டு, டெம்போ 75. எங்க ஊர் பனியில நின்னு பாடுற மாதிரி வரணும்னு ஆசை. ஹால்ல பாடுற மாதிரி முழக்கம் குடுக்கற ரிவெர்ப்பைப் போட்டா குரல் எங்கயோ போய் ஒளிஞ்சுக்குது, எடுத்தா வறவறன்னு இருக்கு. ஃப்ரீ, கிராக் (திருட்டு காப்பி)னு அதுக்கு ஏகப்பட்ட பிளகின் (சாஃப்ட்வேர்ல சேர்க்கற குட்டி புரோகிராம்) இருக்கு, எல்லாம் மாத்தி மாத்தி போட்டாச்சு. ஒருத்தர் வல்ஹல்லா கம்பெனி பிளகின் வாங்குங்கறார், இன்னொருத்தர் நிஜ இடத்தோட முழக்கத்தைப் பதிஞ்சு போடற கன்வொல்யூஷன்தான் ஒரிஜினல்ங்கறார். எதை வாங்கட்டும்? குணா குகையில இம்பல்ஸ், அதான் ஒரு வெடிச் சத்தத்துக்கு அந்த இடம் முழங்கறதை, பதிஞ்சு போட்டா எப்படி இருக்கும்? எம்பி3 இணைச்சிருக்கேன்.

உங்கள் வாசகன், வட்டக்கானல்

*

தம்பி,

எம்பி3 கேட்டேன். பாடுறவருக்கு நல்ல குரல், கிட்டாரும் சுத்தமா இருக்கு. எதை வாங்கலாம்னா, இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. கிராக்கை எல்லாம் அழிச்சிடுங்க, ஃப்ரீலயே இவ்வளவு நல்லது கிடைக்கிற காலத்துல அது எதுக்கு. உங்க பிரச்சினை பிளகின்ல இல்லவே இல்ல.

ரிவெர்ப் போடறதுக்கு முன்னாடியே உங்க மைக்குக்குள்ள ஒரு ரூம் வந்து உக்காந்திருக்கு. தாழ்ந்த கூரை, பக்கத்துலயே சுவர்னு கேக்கும்போதே தெரியுது, குரலோட சேந்து ஒரு டப்பா சத்தம் வருது பாருங்க, அதான். அந்த சின்ன ரூம் மேல நீங்க ஒரு பெரிய ஹாலைப் போடறீங்க, கேக்குறவனுக்கு கல்யாண மண்டபத்து மூலையில இருக்கிற பாத்ரூம்ல யாரோ பாடுற மாதிரி ஆயிடுது. எந்தக் கம்பெனி பிளகின் போட்டாலும் உள்ள பதிஞ்ச ரூமை அது கழுவித் தராது. கொடைக்கானல்ல கம்பளிக்கும் ரஜாய்க்குமா பஞ்சம்? பாடுறவர் முதுகுக்குப் பின்னாடியும் ரெண்டு பக்கமும் கட்டித் தொங்க விடுங்க, தலைக்கு மேலயும் ஒண்ணு. மைக்கை ஒரு சாண் தூரத்துல வச்சு, மூச்சுக் காத்து மைக்ல அடிக்காம தடுக்கற பாப் ஃபில்டர் போட்டு, மழை விட்டப்புறம் திரும்ப எடுங்க. பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

அப்புறம் இந்தப் பனி விஷயம். எனக்கு உங்க கடிதத்துல ரொம்பப் பிடிச்சதே இதுதான், ஏன்னா நிஜத்துல வெளிய பனியில நின்னு பாடினா ரிவெர்ப்பே வராது. கூரை இல்ல, சுவர் இல்ல, போன சத்தம் போனதுதான். கோத்தகிரியில எங்க வீட்டுக்குப் பின்னாடி தேயிலைத் தோட்டத்துல நின்னு கூப்பிட்டாலும் இதே கதைதான். உங்க டால்பின் நோஸ் பக்கம் எக்கோ பாயிண்ட்ல டூரிஸ்ட் எல்லாம் பேர் சொல்லிக் கத்துவாங்களே, அதுகூட ரிவெர்ப் இல்ல, டிலே. 15 டிகிரி குளிர்ல சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் போகும், எதிர்ப் பாறை 170 மீட்டர்ல இருந்தா போய்த் திரும்ப சரியா ஒரு செகண்ட், அதனால உங்க பேரே தனியா திரும்பிக் கேக்குது. ரிவெர்ப்னா அந்த மாதிரி ஆயிரக்கணக்கான எதிரொலி ஒண்ணோட ஒண்ணு நெருக்கி, எது எதுன்னு பிரிக்க முடியாம ஒரே வாலா வர்றது. அப்போ நீங்க தேடுறது நிஜப் பனி இல்ல, பனியைப் பாத்தா மனசுல வர்ற சத்தம். அது மேல் ஃப்ரீக்வென்ஸி மழுங்கின, மெதுவா கரையற ஒரு வால், அவ்வளவுதான். அதுக்கு கன்வொல்யூஷன் வேண்டாம்.

கன்வொல்யூஷன்னா ஒரு நிஜ இடத்தோட இம்பல்ஸைப் பதிஞ்சு அதுல உங்க குரலை ஓட்டறது. இடம் அப்படியே வரும், ஆனா இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. அல்காரிதம் ரிவெர்ப் கணக்காலயே இடத்தை உண்டாக்கறது, 1978ல வந்த லெக்சிகான் 224 மாதிரி. எந்த நிஜ இடம் மாதிரியும் அது இருக்காது, அதான் அதோட அழகு. வல்ஹல்லா வின்டேஜ்வெர்ப் அந்த 70, 80கள் பெட்டிகளோட வாசனையில செஞ்சதுதான், 50 டாலர், நல்ல பொருள், பின்னாடி காசு வந்தா வாங்கிக்கலாம். பிளேட்ங்கறது நடுவுல ஒரு ஜாதி. 1957ல ஜெர்மனியில வந்த இஎம்டி 140ஐ எடுத்துக்கோங்க, ரெண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர்ல அரை மில்லிமீட்டர் ஸ்டீல் தகட்டைத் தொங்கவிட்டு அதை அதிர வச்சாங்க, இரும்புச் சட்டத்தோட சேத்து கால் டன்னுக்கு மேல கனம். அதுல இடமே கிடையாது, வெறும் தகடு, அதனாலதான் குரலை பின்னாடி தள்ளாம ஒரு பளபளப்பை மட்டும் குடுக்குது. உங்க பாட்டுக்கு குரலுக்கு பிளேட், கிட்டாருக்கு ஒரு குட்டி ரூம். ரெண்டே ரிவெர்ப். டிராகன்ஃப்ளைங்கற ரிவெர்ப் பிளகின் ஃப்ரீதான், அதுல ரெண்டும் இருக்கு.

இனி குரல் ஏன் ஒளியுதுன்னா, உங்க எம்பி3ல ப்ரீடிலே (குரலுக்கும் ரிவெர்ப் ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல விடற இடைவெளி) ஜீரோன்னு நினைக்கிறேன், எழுத்து வாயை விட்டு வர்றதுக்குள்ள வாலும் சேந்து வருது. முதல்ல ரிவெர்ப்பை டிராக் மேலயே போடாம தனி டிராக்ல போட்டு, வெட் (ரிவெர்ப் சத்தம்) 100, டிரை (ஒரிஜினல் சத்தம்) சுத்தமா ஆஃப், குரல்ல இருந்து அதுக்கு ஒரு சென்ட் (குரலோட ஒரு காப்பி) விடுங்க. டெம்போ 75னா ஒரு பீட் 800 மில்லிசெகண்ட், அதுல பதினாறுல ஒரு பங்கு 50, ப்ரீடிலேயை அங்க வையுங்க. வார்த்தை முன்னாடி வந்து நிக்கும், வால் அப்புறம் வரும். நாலு பீட் ஒரு பார் 3.2 செகண்ட், அதனால டிகேயை (வால் அடங்கற நேரம்) ரெண்டரை செகண்டுக்குள்ள வச்சா அடுத்த வரி வர்றப்ப இடம் காலியா இருக்கும். ரிவெர்ப்புக்கு முன்னாடி ஒரு ஈக்யூ (ஃப்ரீக்வென்ஸியைக் கூட்டிக் குறைக்கறது) போட்டு 500 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டிடுங்க, அந்தப் பனி இந்த மேல் வெட்டுல இருந்துதான் வரும்.

இதையும் செஞ்சு பாருங்க, ரிவெர்ப் டிராக்கை மட்டும் சோலோ போட்டுக் கேளுங்க. உங்க சரணத்துல 'ச' வர்ற இடமெல்லாம் ஸ்ஸ்ஸ்னு ஒரு சீறல் தனியா நீண்டுட்டுப் போகுது, குரலோட சேத்துக் கேக்கும்போது தெரியாது, ஆனா பாட்டு முழுக்க காதை அரிக்கிறது அதான். சென்ட்ல ரிவெர்ப்புக்கு முன்னாடி ஒரு டி-எஸ்ஸர் போட்டா அடங்கிடும், ஒரிஜினல் குரலைத் தொட வேண்டாம்.

அளவு எவ்வளவுன்னா, தெரியற வரைக்கும் ஏத்துங்க, தெரிஞ்சதும் மூணு டெசிபல் குறைங்க. மியூட் பண்ணா 'ஐயோ எதோ போச்சு'ன்னு தோணணும், போட்டிருக்கும்போது ரிவெர்ப் ஞாபகமே வரக்கூடாது. பல்லவி கடைசி வார்த்தை மட்டும் இழுத்து நிக்கிறார் இல்ல, அங்க மட்டும் சென்டை ஆட்டோமேஷன்ல தூக்கி விடுங்க, பாட்டு முழுக்க ஊத்தறதை விட அந்த ஒரு இடம் ஆளைச் சாய்ச்சிடும். ஹெட்போன்ல மட்டும் முடிவு பண்ணாம போன் ஸ்பீக்கர்லயும் ஒருக்கா கேட்டுடுங்க.

குணா குகைக்குப் போகாதீங்க. வேலி போட்டு அடைச்சிருக்கிறது சும்மா இல்ல, ஒரு இம்பல்ஸுக்காக இறங்கற இடமா அது. இம்பல்ஸ் எடுக்கற ஆசை நல்ல ஆசைதான், அதுக்கு ஆள் இல்லாத நேரமா ஒரு பள்ளிக்கூட மாடிப்படியோ கல் மண்டபமோ அனுமதி கேட்டு போதும். கொஞ்சம் பெரிய பலூனா ஊதி ஒரு மூலையில உடைங்க, மைக் எதிர் மூலையில, லெவல் சிவப்புக்குப் போகாம, சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் ரெக்கார்டிங்கை நிறுத்தாதீங்க. முன்னாடி இருக்கிற நிசப்தத்தை வெட்டிட்டு வேவ் ஃபைலா ரியாவெர்ப்ல (ReaVerb) இழுத்துப் போட்டா வேலை செய்யும், ரீப்பரோடயே வர்ற பிளகின்தான் அது. இந்தப் பாட்டுல அதைக் குரலுக்குப் போட்டுடாதீங்க, கிட்டாருக்குப் போட்டுப் பாருங்க. கம்பளி கட்டி குரலை திரும்ப எடுத்ததும் ரிவெர்ப் எதுவும் போடாத ஃபைலையும் சேத்து அனுப்புங்க, அதைக் கேட்டாதான் மேற்கொண்டு சொல்ல முடியும்.