எம்-புக்கைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துவிட்டது. கிராம சபையில் கேட்டால், மொத்தத் தொகையை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பணம் எங்கே போனது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது அம்மா. உள்ளாட்சித் தணிக்கையில் பல வருடம் இருந்தவன் சொல்கிறேன், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள். பொறியாளர் அதில் எழுதும் அளவை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆகிறது.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று இருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். சாலை உடைந்த ஓரத்தில் டேப்பை வைத்துப் பாருங்கள். எங்கே அளந்தாலும் 10 செ.மீ.தான் என்றால், 15 கன மீட்டர் போடவே இல்லை. நீளத்தில் கைவைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். நான் பார்த்தவரை திருட்டு கனத்தில்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எம்-புக் நகல் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எஸ்டிமேட் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

இந்த உரிமை தானாக வரவில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், கோட் கிரானா என்ற ஊரில், சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் முதலானோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் அரசு வேலைகளின் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. கணக்கைப் படித்தவர்கள் கூலி வேலை செய்பவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அதனால் நகல் கிடைத்ததும் பீரோவில் வைத்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு அளந்து, போட்டோ எடுத்து, அடுத்த கிராம சபையில் சத்தமாகப் படியுங்கள். அளவு வித்தியாசத்தைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.