கல்வி – வாசகர் கேள்வி பதில்: திட்டத் தாளில் எந்தப் பிள்ளை இருக்கிறது?

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் நடைபெறும் மேம்பாட்டுத் திட்டமிடலைப் பற்றியவை. மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் தொடக்கநிலை 3இல் படிக்கிறாள். நான் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பதால், வரும் ஆண்டுகளுக்கான மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிக் கலந்துபேசப் பள்ளி என்னையும் அழைத்திருக்கிறது. அனுப்பிய தாளில் தொலைநோக்கு, உத்திகள், இலக்குகள் என்று பெரிய சொற்களாக இருக்கின்றன. எதைக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் இந்துக்கள். அங்கே நான் கருத்துச் சொல்வது முறையாகுமா?
– வாசகி, ஹவ்காங்

பதில்: கட்டாயம் முறையாகும். சிங்கப்பூரின் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். அவை கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தையே நடத்துகின்றன. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. பிற சமயப் பிள்ளைகள் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. திருச்சபையின் பார்வையில் கேட்டாலும் விடை இதுதான். உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று கூறுகிறது. ஆகவே தயக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள்.

அந்தப் பெரிய சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் தாளைப் பார்த்து மிரள வேண்டியிருக்காது. முன்பெல்லாம் அமைச்சின் ஆய்வாளர்கள் பள்ளிக்கு வந்து சோதித்து அறிக்கை எழுதுவார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த முறைக்குப் பதிலாகப் பள்ளிச் சிறப்புநிலை மாதிரி என்ற ஏற்பாடு வந்தது. தலைமைத்துவம், ஆசிரியர் நிர்வாகம், திட்டமிடல், வளங்கள், மாணவருக்கான செயல்முறைகள் ஆகிய ஐந்தையும், அவற்றால் கிடைத்த பலன்களை நான்கு வகையாகவும் பள்ளி தானே மதிப்பிட்டுக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு குழு இடையிடையே வந்து அந்த மதிப்பீட்டைச் சரிபார்த்தது. பள்ளிகள் தாமே தம்மைப் பார்த்துக்கொள்ளப் பழகியது நல்ல மாற்றம்தான். ஆனால் நிர்வாக மொழியும் அதோடு சேர்ந்தே பள்ளிக்குள் நுழைந்து, இன்றுவரை வெளியேறவில்லை.

எனவே சொற்களை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "இது நடந்துவிட்டது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்?" இன்றைய நிலையில் இந்தக் கேள்விக்கு முன்னைவிட அவசியம் கூடியிருக்கிறது. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு 2019 முதல் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகள் இல்லை. அரையாண்டுத் தேர்வுகளும் 2023க்குள் எல்லா வகுப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைத்த முடிவு என்பதால் நான் அதை வரவேற்கிறேன். எனினும், பள்ளியின் கையில் முன்பு தானாக வந்து சேர்ந்த எண்கள் இப்போது வருவதில்லை. "வாசிப்புத் திறன் உயரும்" என்று எழுதும் பள்ளி, தொடக்கநிலை 2 பிள்ளை ஒருத்தி ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாளா என்பதை யார், எப்போது, எப்படிக் கேட்டுப் பார்ப்பார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத வரி வெறும் விருப்பமாகவே நிற்கும்.

தொடக்கநிலை 6இன் இறுதியில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக்கான இலக்கு தாளில் இருந்தால் அதையும் கவனமாகப் படியுங்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. இவற்றுள் ஏஎல் 1 என்பது 90உம் அதற்கு மேலும். ஏஎல் 2, 3, 4 ஆகியவை ஐந்தைந்து மதிப்பெண் அகலம் கொண்டவை. ஏஎல் 6ஓ 45இலிருந்து 64 வரை நீள்கிறது. பள்ளித் தேர்வில் 46 வாங்கிய பிள்ளை ஓராண்டு முயன்று 62 வாங்கினாலும் அடைவுநிலை மாறாது. 84 வாங்கியவர் 85 வாங்கினாலோ ஒரு நிலை ஏறிவிடுவார். நிலைகளை மட்டும் எண்ணும் திட்டம் தன்னை அறியாமலே கோட்டின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளின் பக்கம் சாய்ந்துவிடும். ஏஎல் 6க்குள் இருக்கும் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பள்ளி தனியாகப் பார்க்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் வேறு எதையும் கேட்காவிட்டாலும், இதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய பல பள்ளிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சிலரே. பல வகுப்புகளிலிருந்து எழுந்து வந்து ஒரே அறையில் கூடுவார்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதால், பள்ளியின் சராசரியில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாய்மொழி இருவாரத்தில் கோலமும் பாரம்பரிய உடையும் இருக்கும் என்பதோடு தமிழின் இடம் முடிந்துவிடாமல், தமிழ் வாசிப்புக்கும் ஒரு வரி ஒதுக்கும்படி கேட்கலாம். நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

கேள்வி: நான் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் துறைத்தலைவர், கத்தோலிக்கர். எங்கள் திட்டத்தில் கற்றல், ஆசிரியர் வளர்ச்சி, பெற்றோர் பங்காளித்துவம் ஆகியவற்றுக்குப் பிறகு, கத்தோலிக்கப் பண்பு நான்காவது தூணாக வைக்கப்பட்டிருக்கிறது. திருப்பலியில் எத்தனை பேர் பங்கேற்றார்கள், உணவு நன்கொடை இயக்கத்தில் எத்தனை பொருள்கள் சேர்ந்தன என்பவையே அதன் அளவுகோல்கள். மனம் ஒப்பவில்லை. இதை எப்படித்தான் அளப்பது?
– ஆசிரியர், பொத்தோங் பாசிர்

பதில்: உங்கள் மனம் சரியாகவே சொல்கிறது. என் ஆலோசனை கொஞ்சம் கடுமையானது: நான்காவது தூணை எடுத்துவிடுங்கள், அதில் இருப்பதை முதல் மூன்றுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

இப்பள்ளிகள் தொடங்கிய விதத்தை நினைத்துப் பாருங்கள். லசாலியச் சகோதரர்கள் என்ற கத்தோலிக்கத் துறவியர் 1852இல் இங்கு வந்து தொடங்கிய பள்ளியே இன்றைய செயின்ட் ஜோசப்ஸ் கல்வி நிலையம். அவர்களுடைய சபை பிரான்சில் ஏழைச் சிறுவர்களுக்குக் கல்வி தருவதற்காகவே உருவானது. 1854இல் வந்த குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் விக்டோரியா ஸ்திரீட்டில் பள்ளியோடு சேர்த்து அனாதை இல்லத்தையும் நடத்தினார்கள். பெற்றோர் கைவிட்ட சிசுக்கள் அந்த மடத்தின் சிறு வாசலில் விடப்பட்டதை, இன்று உணவகங்கள் இருக்கும் அந்த வளாகத்துக்கு உணவருந்தச் செல்பவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கல்வி ஒரு தூண், பண்பு இன்னொரு தூண் என்ற பிரிவு இருந்ததாகத் தெரியவில்லை. யாரை முதலில் உள்ளே அழைப்பது என்பதிலேயே அவர்களுடைய விசுவாசம் வெளிப்பட்டது.

உங்கள் கற்றல் தூணிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். தொடக்கநிலை 1இல் ஆங்கில வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைச் சேர்க்கையின்போதே கண்டறிந்து, கற்றல் ஆதரவுத் திட்டத்தின்கீழ்ச் சிறு குழுவாக வைத்துக் கற்பிக்கிறோம். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு கண்டறியப்பட்டவர்களுக்குத் தொடக்கநிலை 3, 4இல் தனித் திட்டம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கூட்டம் நிற்கிறது: ஆதரவுத் திட்டத்தை முடித்தும் முழுமையாகத் தேறாதவர்கள், டிஸ்லெக்சியா என்ற முத்திரையும் இல்லாதவர்கள். தொடக்கநிலை 3இல் அறிவியல் புதிய பாடமாக வந்து சேரும்போது, வினாவையே வாசிக்க முடியாமல் இவர்கள் திணறுவார்கள். பலருடைய வீட்டில் துணைப்பாடத்துக்கு வசதி இருக்காது. உங்கள் பள்ளியில் அவர்கள் எத்தனை பேர், பெயர் என்ன, வாரத்தில் யாருடைய எந்த நேரம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால், கத்தோலிக்கப் பண்பின் அளவுகோல் உங்கள் கைக்கு வந்துவிட்டது. மிக அனுபவமுள்ள ஆசிரியரை எந்த வகுப்புக்கு அனுப்புகிறீர்கள் என்பதும் அதே வகையைச் சேர்ந்த முடிவுதான். பெரும்பாலும் அவரைத் தொடக்கநிலை 6க்கு அனுப்புவதே வழக்கமாகிவிட்டது. அதை மறுபரிசீலனை செய்யத் துணியும் பள்ளியை நான் மனமாரப் பாராட்டுவேன்.

திருப்பலி நடக்கட்டும், அதை எண்ண வேண்டாம். வருகைப் பதிவால் வழிபாட்டுக்குச் சிறப்பு எதுவும் சேர்வதில்லை. உணவு நன்கொடையும் நடக்கட்டும், ஆனால் பொருள்களின் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் பெற்றோர் பேரங்காடியில் இன்னும் இரண்டு டின் வாங்கி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

நடைமுறையில் ஒன்று. நம் பள்ளிகளில் முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவது வழக்கம். புதியவர் வந்ததும் திட்டத்தின் பெயரும் அடிக்கடி மாறிவிடும். பெயர் மாறினாலும் அந்தப் பிள்ளைகளின் பட்டியல் கைமாறும்படி, அதைத் துறைக் கூட்டத்தின் நிரந்தர நிகழ்ச்சிநிரலில் சேர்த்துவிடுங்கள். பள்ளி நிர்வாகக் குழுவில் பள்ளியை நிறுவிய துறவற சபையின் பிரதிநிதி இருந்தால், தவணைக்கு ஒருமுறை அவரிடமும் அதைப் பற்றிப் பேசுங்கள். முதல்வர் மாறிய பிறகும் அதைக் கேட்பதற்கு அங்கே ஒருவர் இருப்பார்.

கேள்வி: எங்கள் மூத்த பிள்ளைக்கு நான்கு வயது. நான் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் திட்டமிடல் பணிகளில் தொண்டூழியராகச் சேர்ந்தால், தொடக்கநிலை 1 பதிவில் உதவுமா?
– வாசகர், செங்காங்

பதில்: தொடக்கநிலை 1 பதிவு பல கட்டங்களாக நடக்கிறது; அவற்றுள் 2பி கட்டத்தில் பதிவுசெய்யத் தகுதி கிடைக்கலாம். பதிவு நடக்கும் ஆண்டுக்கு முந்திய ஆண்டின் ஜூலை 1ஆம் தேதிக்குள் பள்ளி உங்களைத் தொண்டூழியராக ஏற்றிருக்க வேண்டும்; பதிவு ஆண்டின் ஜூன் 30ஆம் தேதிக்குள் குறைந்தது 40 மணி நேரம் சேவையாற்றியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் எல்லாரையும் பள்ளிகள் ஏற்பதில்லை. எந்தப் பணியில் சேர்ப்பது என்பதும் பள்ளியின் முடிவே. நீங்கள் கத்தோலிக்கராக இருந்து, பள்ளியோடு நேரடித் தொடர்புள்ள தேவாலயத்தின் பரிந்துரை கிடைத்தால், அதுவும் இதே கட்டத்துக்குரிய தகுதிதான். இக்கட்டத்துக்கென ஒவ்வொரு பள்ளியிலும் தொடக்கத்தில் 20 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பங்கள் மிகுந்தால் குடியுரிமையும் வீட்டின் தூரமும் பார்க்கப்பட்டு, பிறகு குலுக்கல் நடக்கும். நாற்பது மணி நேரம் உழைத்தும் இடம் கிடைக்காத பெற்றோர் உண்டு. பக்கத்துப் பள்ளி ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே விண்ணப்பியுங்கள். மூத்த பிள்ளைக்கு இடம் கிடைத்து, அவர் அங்கே படித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த பிள்ளையை முதல் கட்டத்திலேயே பதிவுசெய்யலாம். அதற்குத் தொண்டூழியம் தேவையில்லை.