பேட்டரி கிரிப் வாங்கலாமா? வட ஆற்காட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரி கிரிப்பைப் பற்றியே இருந்தன. கேமராவின் அடியில் மாட்டி, கூடுதல் பேட்டரியும் நெட்டுவாக்கில் பிடிக்க இன்னொரு ஷட்டர் பொத்தானும் தரும் கைப்பிடி அது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். கேமரா கேனான் 80டி. விடியற்காலை முகூர்த்தம் முதல் மத்தியானப் பந்தி வரை சார்ஜ் தாங்க கிரிப் வாங்கலாமா?

சார்ஜுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுத்தால் 80டி-யில் ஒரு பேட்டரிக்கு 960 படம் வரை கிடைக்கும் என்பது கேனான் தரும் கணக்கு. திரையைப் பார்த்து எடுத்தால் அதே பேட்டரி 300 படத்தில் படுத்துவிடும். அதனால் முதலில் லைவ் வ்யூவைக் குறைத்துப் பாருங்கள். மேற்கொண்டு ஒரு பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போதும், அதன் எடை சுமார் 80 கிராம்தான். கெட்டிமேளத்துக்கு முன்னால் மாற்றிக்கொள்ளப் பத்து விநாடி ஆகும்.

ஆனாலும் உங்களைக் கிரிப் வாங்கத்தான் சொல்வேன். காரணம் உங்கள் கை. ரிசப்ஷன் மேடையில் ஜோடி நிற்கிறது, உறவினர்கள் வரிசையாக ஏறி இறங்குகிறார்கள். பாதிப் படம் நெட்டுவாக்கில்தான் எடுத்தாக வேண்டும். கிரிப் இல்லாமல் கேமராவைத் திருப்பினால் வலது முழங்கை காதுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70-200 லென்ஸை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் அப்படி நின்றால் தோள்பட்டை விட்டுப்போகும், கையும் நடுங்கும். 1/60 விநாடியில் எடுத்த படத்தில் அந்த நடுக்கம் அப்படியே தெரியும். கிரிப் இருந்தால் ஷட்டர் பொத்தான் கீழ்ப்பக்கமே வந்துவிடுகிறது. இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி நிற்கும். எனக்கிருந்த தோள்வலி கிரிப் மாட்டிய பிறகுதான் அடங்கியது.

உங்கள் 80டி-க்கு உரியது பிஜி-இ14. 70டி, 90டி இரண்டுக்கும் அதுவேதான். கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே கனமான லென்ஸையும் எடுத்துப் போங்கள். கிரிப்பை மாட்டி, நெட்டுவாக்கில் இரண்டு நிமிடம் கண்ணில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் தொங்குகிறதா? ஃபோகஸ் செய்யும் ஏஎஃப்-ஆன் பொத்தானுக்குக் கட்டைவிரல் தானாகப் போகிறதா? விலை குறைந்த சில கிரிப்புகளில் அந்தப் பொத்தானே இருக்காது. அதில் ஃபோகஸ் செய்து பழகியவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஆரணியிலிருந்து: வேறு கம்பெனி கிரிப் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. நடுநடுவே கேமரா அணைந்து போகிறது. கிரிப்பின் ஷட்டர் பொத்தானும் வேலை செய்யவில்லை.

பொத்தான் விஷயம் சுலபம். கிரிப்பில் தனியாக ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கும். பையில் உரசி அது ஆஃப் ஆகியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

கேமரா அணைவதற்குப் பெரும்பாலும் திருகு தளர்ந்திருப்பதே காரணம். கிரிப்பை கேமராவோடு பிடித்து வைத்திருப்பது ட்ரைபாட் துளையில் ஏறும் ஒரே ஒரு திருகுதான். கழுத்திலும் தோளிலுமாக ஆடி ஆடி அது ஒரு அரைச் சுற்று தளர்ந்தால் போதும், மேலே உள்ள மின்தொடர்புப் புள்ளிகள் ஒரு கணம் விலகும், கேமரா உயிரை விடும். ஒரு கல்யாணத்தில் எனக்கே இது நடந்தது. மாலை மாற்றும் நேரத்தில் திரை இருண்டுவிட்டது. அந்தத் திருகைச் சுழற்றும் சக்கரத்தை இறுக்கியதும் சரியாகிவிட்டது, ஆனால் அந்த மாலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு மணி நேரமும் கட்டைவிரலால் அந்தச் சக்கரத்தைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இறுக்கியும் அணைகிறது என்றால் கிரிப்பைக் கழற்றி, அந்தப் புள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். வியர்வை உப்பும் விரல் எண்ணெயும்தான் அங்கே படிகின்றன. அதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் அச்சு சரியாக வார்க்கப்படாத கிரிப் அது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு கம்பெனி கிரிப் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், நன்றாக உழைப்பவையும் உண்டு. ஆனால் மயானக் கொள்ளைத் திருவிழாவின்போது பாலாற்று மணலில் நிற்கிறவருக்கு அசல் கிரிப்பைத்தான் சொல்வேன். தூசியும் சாரலும் நுழையாதபடி அதன் மூட்டில் அடைப்பு இருக்கிறது.

வாணியம்பாடி கல்லூரி மாணவர்: நிக்கான் டி5600-க்கு எந்தக் கிரிப் நல்லது?

எதுவும் வேண்டாம் தம்பி. அந்த கேமராவுக்கு நிக்கான் கிரிப்பே செய்யவில்லை. வெளியில் கிடைப்பவை பக்கவாட்டுத் துளையில் ஒரு கேபிளைச் செருகி ஷட்டரை மட்டும் இயக்குகின்றன. அந்தக் காசுக்கு ஒரு 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸை நோக்கிச் சேர்த்து வையுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: நிக்கான் டி750, எம்பி-டி16 கிரிப் வைத்திருக்கிறேன். சாதாரண ஏஏ செல் போட்டு ஓட்டலாமா?

அவசரத்துக்கு ஓட்டலாம், ஆனால் கடைத்தெருவில் வாங்கும் அல்கலைன் செல்லை நம்ப வேண்டாம். ஷட்டரும் ஃபோகஸ் மோட்டாரும் திடீரென்று இழுக்கும்போது அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்தான் இதற்குச் சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.2 வோல்ட் செல் ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட். ஒரு செல் 2000 மில்லி ஆம்பியர் மணி என்றால் மொத்தம் சுமார் 14 வாட் மணி. உங்கள் இஎன்-இஎல்15 பேட்டரி ஒன்றிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது, அதுவும் பாதி எடையில். மெனுவில் எந்த வகைச் செல் என்பதையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் அளவு தப்பாகக் காட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டி750-இல் கேமராவுக்குள் ஒரு பேட்டரி, கிரிப்பில் ஒரு பேட்டரி. உள்ளே இருப்பதை எடுக்கக் கிரிப்பையே கழற்ற வேண்டும். அதனால் மெனுவில் பேட்டரி வரிசையைக் கிரிப்பில் இருப்பது முதலில் தீரும்படி வையுங்கள். கிரிப்பின் பேட்டரித் தட்டை உருவி மாற்றிக்கொண்டே போகலாம், உள்ளே இருப்பது கடைசி வரை கையிருப்பாக நிற்கும்.

கிரிப் மாட்டினால் வேகம் கூடுமா?

சில நிக்கான்களில் கூடும். டி850-இல் எம்பி-டி18 மாட்டி, அதில் இஎன்-இஎல்18 வகைப் பெரிய பேட்டரியைப் போட்டால் விநாடிக்கு 7 படம் 9 ஆகும். பழைய டி700-இல் 5 படம் 8 ஆகும். அந்தப் பெரிய பேட்டரிக்குத் தனி மூடியும் தனி சார்ஜரும் வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 80டி-யில் வேகம் மாறாது.

வேலூரிலிருந்து: கத்திரி வெயிலில் பேட்டரி உப்பிவிடுமா?

உப்பும். 80டி போன்ற கேமராக்கள் 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டவை. நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டும், வண்டி டிக்கிக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்று ஒரு மலிவு பேட்டரியைக் கிரிப் தட்டிலேயே விட்டு, டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாயங்காலம் தட்டை இழுத்தால் வரவில்லை. நடுவில் தலையணை மாதிரி உப்பி, தட்டோடு இறுகிப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பத்தான் கை போனது, நல்லவேளை செய்யவில்லை. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். உங்களுக்கு அப்படி ஆனால் நெம்பாமல் செர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். லேசாக உப்பிய பேட்டரியையும் திரும்ப சார்ஜ் போடாதீர்கள்.

இரண்டு பேட்டரி போடும் கிரிப்பில் ஒரே வகை, ஒரே வயதுள்ள ஜோடியாகப் போடுங்கள். நான் 1ஏ, 1பி என்று ஸ்டிக்கர் ஒட்டி, சேர்த்தே சார்ஜ் செய்து சேர்த்தே போடுகிறேன். கேனானில் பேட்டரி இன்ஃபோ என்ற திரையில் இரண்டின் நிலையும் தனித்தனியாகத் தெரியும். ஒன்று மட்டும் சிவப்புக் கட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த ஜோடியைப் பிரித்துவிட வேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து: ஜவ்வாது மலையில் இரவு முழுக்க நட்சத்திரப் பாதை எடுக்க ஆசை. கிரிப் உதவுமா?

நன்றாக உதவும். 30 விநாடிப் படங்களை இடைவிடாமல் எடுத்தால் 3 மணி நேரத்தில் 360 படம். நடுவில் பேட்டரி மாற்ற நிறுத்தினால், நட்சத்திரங்கள் நகர்ந்து வரையும் கோட்டில் இடைவெளி விழும், பிறகு அதை ஒட்டவைக்க முடியாது. மார்கழிக் குளிரில் மலைமேல் பேட்டரியின் திறனும் குறையும். அதனால் இரண்டு பேட்டரி என்பது அங்கே ஆடம்பரம் இல்லை. படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அதுவும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் இடைவெளி விடும்.

ஒரு குறையும் உண்டு. ட்ரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவே கிரிப் ஒரு மூட்டாக நிற்பதால் காற்றில் லேசாக அசையும். திருகை இறுக்கி, ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றாமல், அதன் கொக்கியில் உங்கள் பையைத் தொங்கவிடுங்கள். காவலூர் பக்கம் போனால் டார்ச்சைத் தரை நோக்கியே பிடியுங்கள். அங்கே 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இரவெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும்.

துபாயில் தம்பி கல்யாணம். கிரிப்பையும் நான்கு பேட்டரிகளையும் விமானத்தில் கொண்டுபோகலாமா?

தாராளமாக. உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஒரு பேட்டரிக்கு 100 வாட் மணி வரை அனுமதி உண்டு, 80டி, டி750 போன்ற கேமராக்களின் பேட்டரி ஒவ்வொன்றும் சுமார் 14 தான். முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி அதற்குரிய பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுங்கள். மூடி தொலைந்திருந்தால் இன்சுலேஷன் டேப் ஒட்டினாலும் சரி.