கைதட்டும்போது நாய்க்குட்டி திரும்பினால் இரண்டு காதும் கேட்கிறது என்று அர்த்தமா?

கொழும்பு வெள்ளவத்தையில் டல்மேஷியன் இன நாய்க்குட்டி வளர்ப்பவர் கேட்ட கேள்வி இது. இல்லை. ஒரு காது கேட்டாலே குட்டி திரும்பும். முழுச் செவிட்டுக் குட்டியும் காற்றசைவையோ, கரையோர ரயிலின் தரையதிர்வையோ உணர்ந்து திரும்பிவிடும்.

நிச்சயமாகத் தெரிய மூளைத்தண்டின் மின் அலையைத்தான் பதிய வேண்டும். உச்சந்தலையிலும் காதருகிலும் தோலுக்கடியில் மெல்லிய ஊசி மின்வாய்கள் வைத்து, ஒரு காதுக்குள் மட்டும் 'கிளிக்' ஒலிகளை விடுவார்கள். எதிர்வினை சில மைக்ரோவோல்ட் அளவே. தசை மின்னோட்டம் அதை மூழ்கடித்துவிடும். அதனால் நூற்றுக்கணக்கான கிளிக்குகளின் பதிவைச் சராசரி எடுப்பார்கள். முதல் 10 மில்லிசெக்கனுக்குள் வரிசையாக மேடுகள் தெரியும்: முதலாவது செவி நரம்புடையது, அடுத்தவை மூளைத்தண்டுடையவை. கோடு தட்டையாக இருந்தால் அந்தக் காது செவிடு. மற்றக் காதுக்கு இரைச்சல் கொடுத்து மறைக்காவிட்டால், நல்ல காது ஒலியைப் பிடித்து முடிவைக் குழப்பிவிடும்.

மயக்க ஊசி போட்டாலும் இந்த அலைகள் பெரிதாக மாறா; குட்டி உதறிக்கொண்டிருப்பதைவிட அது மேல். ஆனால் காதில் அழுக்கோ சீழோ இருந்தால் அலை தாமதிக்கும், சிறுக்கும். முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குட்டிக்கு 5 வாரம் ஆகுமுன் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. காதுக்குழாய் திறக்கவே ஏறத்தாழ 2 வாரம் ஆகும். பிறவிச் செவிட்டில் உட்காது சிதைவதும் அதற்குப் பிந்திய வாரங்களில்தான்.