மாமா தந்த சிபி ரேடியோவும் மல்லாவி மோட்டார் சைக்கிளும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமா கனடாவில் லொறி ஓட்டியவர். இந்த முறை ஊருக்கு வந்தபோது தன் லொறியில் இருந்த சிபி ரேடியோவையும் (லொறிக்காரர் ஓடும்போது தங்களுக்குள் கதைக்கும் ரேடியோ), அடியில் காந்தம் வைத்த ஏரியலையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். நாங்கள் ஐந்து பேர் 250 சிசி மோட்டார் சைக்கிள்களில் மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை என்று சுற்றுகிறவர்கள். காட்டுப் பாதைகளில் பல இடங்களில் போன் எடுபடாது. இதை மோட்டார் சைக்கிளில் பூட்டலாமா? பெற்றோல் தாங்கியின் மேல் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், இறுக்கமாக நிற்கிறது. பற்றறி இறங்கிவிடும் என்று ஒரு நண்பன் சொல்கிறான்.
– வாசகர், மல்லாவி

பதில்: பூட்டலாம் தம்பி. ஆனால் ஸ்பானரைத் தொட முதல் ஒரு கடிதம் எழுத வேண்டும். நம் நாட்டில் அலைபரப்பும் கருவியைப் பாவிப்பதற்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைத் தருவது கொழும்பிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கனடாவில் இந்த ரேடியோவை ஜிஆர்எஸ் என்பார்கள், அங்கே உரிமம் எதுவும் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில்தான் மாமா தந்திருப்பார், அவரில் பிழை சொல்ல முடியாது. ரேடியோவின் பின்பக்கத்தில் உள்ள மாதிரி இலக்கம், அது வேலை செய்யும் 26.965 முதல் 27.405 மெகாஹேர்ட்ஸ் வரையான 40 சானல்கள், 4 வாற் வலு, எந்த வாகனத்தில் எதற்காகப் பூட்டப்போகிறீர்கள் என்பவற்றை எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை மைக்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். வன்னி வீதியில் ஏரியல் கம்பி நட்ட மோட்டார் சைக்கிள் போனால் யாரும் சும்மா பார்த்துவிட்டு விடமாட்டார்கள். ஏன் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்கிறவரிடம் காட்டக் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். நானும் 11 வருடம் ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக்குக்கு லொறி ஓட்டியவன். சுப்பீரியர் ஏரியின் வடகரையால் போகும் 17ஆம் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போன் வேலை செய்யாத துண்டுகள் அப்போது இருந்தன. 19ஆம் சானலைத் திறந்துவைத்துக்கொண்டே ஓடுவோம். எதிரே வருகிற லொறிக்காரர் "வளைவு தாண்டி மூஸ் மான் நிற்குது" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். முகம் தெரியாத அந்த ஆளால் என் உயிர் தப்பிய இரவுகள் உண்டு. 2013இல் ஊர் திரும்பி மாங்குளத்தில் கடை போட்ட பிறகு, புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் பொழுதுபட்ட நேரம் போகிற ஒவ்வொரு முறையும் அந்த 19ஆம் சானல்தான் நினைவுக்கு வரும். இங்கே மூஸ் இல்லை, யானை. யானை இல்லாவிட்டால் தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கிற மாடுகள். முன்னால் போகிறவர் "இடப்பக்கம் மூன்று மாடு" என்று சொன்னால் பின்னால் வருகிற நான்கு பேரும் வேகத்தைக் குறைப்பார்கள். அதற்காகவே இந்தக் கேள்விக்கு நீட்டிப் பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கை தட்டி ஓசை வராது. உங்களிடம் மட்டும் சிபி இருந்தால் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். குறைந்தது முதலாவதாகப் போகிறவரிடமும் கடைசியாக வருகிறவரிடமும் ஒவ்வொன்று இருக்க வேண்டும், இரண்டுக்கும் அனுமதி வேண்டும். வடிவாகப் பூட்டினால் பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் போகிற வெட்டையில் நாலைந்து கிலோமீற்றர் எட்டும். அடர்ந்த காட்டில் அதில் பாதியை எதிர்பாருங்கள். ஒரு குழு கோர்வையாகப் போக அது தாராளம்.

காந்த ஏரியலைத் தாங்கியில் வைக்க வேண்டாம். அது லொறியின் அகன்ற கூரைக்காகச் செய்தது. குண்டும் குழியுமான பாதையில் சரிந்து முகத்தில் அடிக்கும், பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் அலைபரப்பும் கம்பியை நிறுத்துவதும் நல்லதல்ல. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற கம்பி ஏரியலின் பாதிதான். மற்றப் பாதி அதற்குக் கீழே இருக்கிற இரும்பு. 27 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர். முறையான கால் அலைக் கம்பி என்றால் 2 மீற்றர் 75 சென்ரிமீற்றர் உயரம் வரும், அதை மோட்டார் சைக்கிளில் நட்டால் முதல் மரக்கிளையிலேயே போய்விடும். ஆகவே சுருள் சுற்றிய, ஒரு மீற்றர் அளவான கம்பியைப் பாவிக்கிறோம். கம்பி குட்டையாகக் குட்டையாகக் கீழே உள்ள இரும்பின் தயவு கூடுதலாகத் தேவைப்படும். லொறியில் அது தாராளமாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பது ஒரு சட்டமும் என்ஜினும் மட்டும்தான். அந்தக் கொஞ்ச இரும்பையாவது முழுதாக ஏரியலோடு இணைக்க வேண்டும்.

இதில் நான் கெட்டிருக்கிறேன். கனடாவில் கோடை காலத்துக்கென்று பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, பின் கரியரில் ஏரியலைப் பூட்டினேன். கரியருக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தது. ஆணி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பெயின்றின் மேல் இருந்தது. இரும்பும் இரும்பும் தொடவே இல்லை. இரண்டு நாள் கதைத்துக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை, மற்றவர்களின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. நண்பரின் ரேடியோவில்தான் பிழை என்று அவரோடு வாதாடினேன். கழற்றிப் பார்த்தால் என்னுடையதில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் எரிந்துபோயிருந்தது. ஏரியலுக்குள் போக வழியில்லாத வலு திரும்பி வந்து அதைச் சுட்டுவிட்டது. ஏரியல் இல்லாமலே மைக் பொத்தானை அழுத்தினாலும் இதே கதிதான்.

அதனால் கரியரின் பின் மூலையில், பின்னால் இருப்பவரின் தோளில் படாத இடத்தில், ஒரு இரும்புத் தகட்டை வையுங்கள். ஆணி வருகிற இடத்தில் பெயின்றை வெள்ளி தெரியுமட்டும் சுரண்டுங்கள். பல்லு வாஷர் போட்டு இறுக்குங்கள். தகட்டிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து பற்றறியின் மறை முனைக்கும் பின்னிய செப்புப் பட்டி இழுங்கள். மல்ரிமீற்றரை ஓம்ஸில் வைத்துத் தகட்டையும் பற்றறி மறை முனையையும் தொட்டால் ஒன்றுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பிறகு கிறீஸ் பூசிவிடுங்கள், முல்லைத்தீவுக் கடற்காற்று சுரண்டிய இரும்பைச் சும்மா விடாது. கம்பியின் நுனியில் இறப்பர் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். குனிகிற ஆளின் கண் அந்த உயரத்தில்தான் வரும்.

பிளாஸ்ரிக் அதிகமுள்ள வண்டியென்றால் தரை இரும்பு தேவையில்லாத வகை ஏரியல் ஒன்று தனியாக விற்கிறது. அதோடு வருகிற கேபிள் ஐந்தரை மீற்றர் அளவில் இருக்கும். நீளம் கூட என்று வெட்டிவிடாதீர்கள், அந்த நீளமும் ஏரியலின் கணக்கில் சேர்ந்தது. மிச்சத்தை வட்டமாகச் சுருட்டாமல் எட்டு வடிவில் மடித்து இருக்கைக்குக் கீழே கட்டுங்கள். சாதாரண வகைக்கு 50 ஓம் ஆர்ஜி-58 கேபிள் போதும்.

அடுத்தது எஸ்டபிள்யூஆர் மீற்றர், ஏரியலுக்குள் போகாமல் வலு எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி. இது இல்லாமல் கதைக்கவே வேண்டாம். ரேடியோவுக்கும் ஏரியலுக்கும் நடுவில் இணைத்து 1, 20, 40 ஆகிய மூன்று சானல்களில் பாருங்கள். 1.5க்குக் கீழே என்றால் நல்லது, 2 வரை பரவாயில்லை, 3க்கு மேலே என்றால் உடனே நிறுத்துங்கள். 1ஆம் சானலில் கூடவாகக் காட்டினால் கம்பி கட்டை, நீட்ட வேண்டும். 40இல் கூடவென்றால் கம்பி நீளம், குறைக்க வேண்டும். ஒரு தடவைக்கு சில மில்லிமீற்றர்தான். மூன்றிலுமே 3ஐத் தாண்டினால் கம்பியை விட்டுவிட்டு எர்த்தை, அதாவது தகடும் சட்டமும் சேரும் இணைப்பைப் போய்ப் பாருங்கள். தகரக் கொட்டிலுக்குள் வைத்து அளந்தால் கணக்கு பிழைக்கும். வெளி வளவில், பக்கப் பெட்டிகளையும் பூட்டி, நீங்களும் ஏறி இருந்து அளக்க வேண்டும். ஓடும்போது எப்படி இருக்குமோ அப்படி.

பற்றறியைப் பற்றி நண்பர் பயப்படத் தேவையில்லை. கேட்கும்போது அரை அம்பியருக்கும் குறைவு, கதைக்கும்போது ஒன்றரை இரண்டு அம்பியர். உங்கள் முன்விளக்கு அதைவிடக் கூட இழுக்கும். என்ஜின் ஓடும்போது பற்றறியில் 14 வோல்ற் அளவில் இருந்தால் சரி. ஆனால் விளக்கு வயரிலோ ஹோர்ன் வயரிலோ ஒட்டு வாங்காதீர்கள். இரண்டு வயரையும் நேரே பற்றறிக்கு இழுத்து, நேர் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ் போடுங்கள். சாவியோடு அணைகிற மாதிரி ஒரு ரிலே வைத்தால், இரவு நிறுத்திவிட்டு ரேடியோவை மறந்தாலும் காலையில் ஸ்ரார்ட் ஆகும்.

கேள்வி: அண்ணா, என் கணவரின் மோட்டார் சைக்கிளில் இப்படி ஒன்று பூட்டும் எண்ணம் இருக்கிறது. ஓட்டிக்கொண்டே மைக்கைக் கையில் பிடித்துக் கதைப்பது ஆபத்தில்லையா? எனக்கு அதுதான் பயம்.
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் பயம் சரி தங்கச்சி. கையில் மைக் பிடித்து ஓட்டவே கூடாது. தலைக்கவசத்துக்குள் சிறு ஒலிபெருக்கியும் வாய்க்கு நேரே மைக்கும் வைத்து, கதைக்கும் பொத்தானை இடக்கைப் பிடியில், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் பூட்ட வேண்டும். குரல் கேட்டவுடன் தானாகத் திறக்கிற வகையும் உண்டு, ஆனால் மோட்டார் சைக்கிளில் காற்றின் சத்தத்துக்கே அது திறந்துவிடும், பிறகு வேறு ஒருவரும் கதைக்க முடியாது. ஒலிபெருக்கியை ஒரு காதுக்கு மட்டும் வையுங்கள். பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோர்ன் கேட்க வேண்டும்.

நீங்கள் இருவரும் ஒரே வண்டியில் போகிறவர்கள், கூட வருவது இன்னும் ஒரு வண்டி மட்டும் என்றால் சிபி வேண்டாம் என்பேன். தலைக்கவசத்தில் ஒட்டும் புளூடூத் கருவி போதும். ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில் அது நன்றாக வேலை செய்யும், மரங்கள் குறுக்கே வந்தால் அறுந்துவிடும்.

கேள்வி: முல்லைத்தீவில் எங்கள் படகில் ரேடியோ இருக்கிறது. கரையில் நிற்கிற மோட்டார் சைக்கிளிலிருந்து சிபியில் அதோடு கதைக்க முடியுமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: முடியாது. படகில் இருப்பது கடல்சார் விஎச்எஃப் என்றால், அதன் அவசரச் சானலான 16 இருப்பது 156.8 மெகாஹேர்ட்ஸில். சிபி 27இல் நிற்கிறது. இரண்டும் ஒருநாளும் சந்திக்காது.

கேள்வி: என்ஜினை நிறுத்தினால் தெளிவாகக் கேட்கிறது. ஸ்ரார்ட் பண்ணினால் டப டப என்று ஒரே இரைச்சல்.
– வாசகர், செட்டிகுளம்

பதில்: முறுக்கும்போது டப டப வேகமாகிறதா? அப்படியென்றால் அது பிளக்கின் தீப்பொறி. எதிர்ப்பான் உள்ள பிளக் போடுங்கள், அதன் இலக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வண்டியின் கைநூலில் அந்த வகை சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசில் போல ஊளையிட்டால் அது சார்ஜ் பண்ணும் பக்கத்திலிருந்து வருவது, ரேடியோவின் வயரில் ஃபெரைற் வளையம் மாட்டினால் குறையும். சிபி பாவிப்பது ஏஎம் முறை, அலையின் பலத்தைக் கூட்டிக் குறைத்துக் குரலை அனுப்புவது. தீப்பொறியும் அதே பாஷையில் கதைப்பதால்தான் இவ்வளவு கரைச்சல்.

கேள்வி: இடப்பெயர்வு காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவன் நான். அதே டைனமோவில் இந்தச் சிபியை ஓட்டலாமா?
– வாசகர், முறிகண்டி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பற்றறிக்கும் பெற்றோலுக்கும் தடை இருந்த அந்த வருடங்களில் எங்கள் வீட்டிலும் அதுதான் வழி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்றுவேன், அப்பா காதை ரேடியோவில் வைத்துச் செய்தி கேட்பார். நான் களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கிவிடும். "இன்னும் கொஞ்சம் மகன், ஊர்ப் பெயர் சொல்லுறான்" என்பார் அப்பா. நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் சேர்த்தால் குரல் ஆடாமல் நிற்கும் என்று பக்கத்து வளவு அண்ணை ஒருவர் காட்டித் தந்தார். நான் ஈயம் பிடித்து ஒட்டிய முதல் வேலை அது.

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். சின்ன ரேடியோவுக்கு அது நிறையவே போதும். சிபிக்கு 12 வோல்ற் வேண்டும், கதைக்கும்போது 20 வாற்றுக்கு மேல் இழுக்கும். ஆகவே ஓடாது. ஆனால் உங்கள் பழைய ரேடியோ இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டைனமோவையும் சேர்த்து ஒரு நாள் மாங்குளத்துக்குக் கொண்டுவாருங்கள். காந்தம் இன்னும் பிடிக்கிறதா என்று பார்ப்போம். டயோட் நாலும் கடையில் இருக்கிறது.